கறுத்த கைகளும் தூய எண்ணெயும்

தூய்மை என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் மனத்தில் எழும் காட்சிகள் பெரும்பாலும் ஒரே வகையினவாகவே இருக்கும். சாணமிட்டு மெழுகிய முற்றம், புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கு, தோய்த்து உலர்ந்த வெள்ளை வேட்டி, கேணியில் முழுகி எழுந்த மேனி என அப்பட்டியல் நீளும். இயந்திரப் பட்டறைக்கு அதில் இடமில்லை. தரையிற் படிந்த கறுப்பு எண்ணெய், மூலையிற் குவிந்த பழைய உதிரிப் பாகங்கள், நகக்கண் வரை கறுத்த விரல்கள் ஆகியன அழுக்கின் அடையாளங்களாகவே கொள்ளப்படுகின்றன. பட்டறையில் வேலை செய்பவன் வீடு திரும்பும்போது அவனுக்கெனத் திண்ணையில் ஒரு பழஞ் சாக்கு விரிக்கப்படுவதும் உண்டு.

ஆயினும், அத்தகைய பட்டறை ஒன்றிலே நீரியல் இயந்திரத்தைத் திருத்துபவன் கடைப்பிடிக்க வேண்டிய தூய்மை, மேற்கூறிய எந்தத் தூய்மையையும் விடக் கடுமையானது. அவன் அகற்ற வேண்டிய அழுக்குக் கண்ணுக்குத் தெரிவதில்லை, கையிற் படுவதில்லை, மணப்பதுமில்லை. அதனை அகற்றினான் என்பதற்கு அவன் காட்டக்கூடிய சான்றும், இயந்திரம் தொடர்ந்து ஓடுகின்றது என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த விசித்திரமான தூய்மையைப் பற்றிச் சிறிது சிந்திப்பது, இயந்திரவியல் பயில்வோர்க்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் பயன் தருவதாகும்.

நீரியல் இயந்திரத்தின் அடிப்படை எளிமையானது. அடைபட்ட திரவமொன்றின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம், குறையாது எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் பஸ்கால் பதினேழாம் நூற்றாண்டிற் கண்டறிந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவரது நூல், அவர் இறந்த மறு ஆண்டாகிய 1663இல் வெளிவந்தது. சிறிய முசலம் ஒன்றில் ஒரு குழந்தை கொடுக்கும் விசை, பெரிய முசலம் ஒன்றில் ஒரு யானையைத் தூக்கும் விசையாக மாறலாம் என்பது இவ்விதியின் விளைவாகும். எனினும் கணக்கு இருந்தும் கருவி பிறக்க நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கிலாந்திலே யோசப் பிரமா என்பவர் 1795இல் நீரியல் அழுத்திக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். அவர் எதிர்நோக்கிய பெருந்தடை, முசலத்திற்கும் உருளைக்கும் இடையே நீர் கசிவதாகும். அமுக்கம் கூடக்கூடத் தானே இறுகிக்கொள்ளும் தோல் வளையமொன்றால் அத்தடை தீர்ந்தது. அதனை அமைத்த பெருமை, பிரமாவின் பட்டறையில் அக்காலத்தில் வேலை செய்த கென்றி மோட்சிலி என்னும் தொழிலாளிக்குரியது என்பர். பேரறிஞர் ஒருவரின் விதி, கை தேர்ந்த ஒரு பட்டறைத் தொழிலாளியின் தோல்வளையத்தாற் செயலுக்கு வந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று நீருக்குப் பதிலாக எண்ணெயே பெரும்பாலும் பயன்படுகின்றது. ‘பெக்கோ’ என இலங்கையில் வழங்கும் மண்வெட்டும் இயந்திரத்தின் கையும், பாரவூர்தியின் பெட்டியைச் சரிக்கும் உருளையும், விமானத்தின் சில்லுகளை இறக்கும் பொறியும், வயலில் ஓடும் பெரிய அறுவடை இயந்திரத்தின் நடையும் எண்ணெயின் அமுக்கத்தாலேயே இயங்குகின்றன. மண்வெட்டும் இயந்திரங்களில் இவ்வமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் முந்நூறு, முந்நூற்றைம்பது மடங்கு வரை உயர்கின்றது. இத்துணை அமுக்கத்தைக் கசியவிடாது பிடித்துவைக்க வேண்டுமாயின், அசையும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி மிகமிகக் குறுகியதாக இருத்தல் வேண்டும். தூய்மை பற்றிய சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியிலேதான் பிறக்கின்றது.

அவ்விடைவெளியை அளக்கும் அலகு மைக்கிரோமீற்றர் ஆகும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பகுத்தால் அவற்றுள் ஒன்று அது. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோமீற்றர். கூரிய பார்வையுடையவரும் 40 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கையைக் கண்ணாற் காண்பது அரிது. குருதியிலுள்ள செங்கலம் ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 8 மைக்கிரோமீற்றர். இனி இயந்திரத்தின் உள்ளே நோக்குவோம். முசலப் பம்பியின் முசலத்திற்கும் அதன் துளைக்கும் இடையே 5 முதல் 40 மைக்கிரோமீற்றர். பற்சில்லுப் பம்பியின் பல்நுனிக்கும் கூட்டுக்கும் இடையே அரை முதல் 5 மைக்கிரோமீற்றர். நுண்கட்டுப்பாட்டு வால்வுகளிலோ 1 முதல் 4 மைக்கிரோமீற்றர் வரையே இடைவெளி விடப்படுகின்றது. ஆகவே இயந்திரத்தைக் கொல்லும் துணிக்கை, மனிதன் காணக்கூடிய மிகச் சிறிய துணிக்கையிலும் பன்மடங்கு சிறியது. வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, “எண்ணெய் கண்ணாடி போலிருக்கின்றது” என்று சொல்பவர், தமது கண்ணின் எல்லையைச் சொல்கின்றாரேயன்றி எண்ணெயின் நிலையைச் சொல்கின்றாரல்லர்.

இடைவெளியிலும் மிகப் பெரிய துணிக்கை அதனுட் புக முடியாது வெளியே நிற்கும். மிகச் சிறியது தடையின்றி எண்ணெயோடு கடந்து செல்லும். இடைவெளிக்குச் சமமான பருமனுடையதே பெருந்தீங்கு செய்வது. அது உள்ளே புகுந்து இருபுறத்து உலோகத்தையும் உழுதுகொண்டு செல்கின்றது. உழுத சாலிலிருந்து உதிரும் உலோகத் துகள்கள் எண்ணெயிற் கலந்து அடுத்த இடைவெளியைத் தேடிப் போகின்றன. அங்கே அவை மேலும் துகள்களைப் பிறப்பிக்கின்றன. இவ்வாறு ஒரு துணிக்கை பலவாகி, பல பெருகி, ஈற்றில் பம்பி அமுக்கம் இழந்து போகின்றது. கடன்பட்டவனின் வட்டி, முதலாகி மேலும் வட்டி பெறுவது போன்றதே இத்தேய்வு. நீரியல் இயந்திரங்களின் பழுதுகளுட் பெரும்பாலானவற்றுக்கு எண்ணெயிற் கலந்த மாசே காரணம் என இத்துறையினர் ஒருமுகமாகக் கூறுவர்.

மாசு உட்புகும் வழிகள் நான்கெனலாம். இயந்திரத்தை உருவாக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட உலோகச் சீவல், ஒட்டுத்தீயின் பொருக்கு முதலியன ஒன்று. இயந்திரம் ஓடும்போது தாங்கியின் மூச்சுத்துளை வழியாகவும், முசலத்தண்டு உள்ளே இழுபடும்போது அதன் மேற்பரப்பில் ஒட்டியும் வந்து சேரும் புழுதியும் ஈரமும் இரண்டாவது. மேலே கூறியவாறு தேய்வினால் உள்ளேயே பிறப்பது மூன்றாவது. நான்காவது வழி, திருத்துபவனின் கை. முதல் மூன்றையும் வடிகட்டியும் முத்திரை வளையமும் ஓரளவு தடுக்கும். நான்காவதைத் தடுப்பதற்குப் பொறி எதுவும் இல்லை. திருத்துபவனின் மனமே அதற்கு வடிகட்டி. நோயாளியைக் காக்க வந்த மருத்துவர் கழுவாத கையால் நோயைக் கொடுத்துச் சென்ற காலமொன்று மருத்துவ வரலாற்றில் இருந்தது. பட்டறைகள் பலவற்றில் அக்காலம் இன்னும் முடிந்தபாடில்லை.

வன்னிப் பெருநிலத்தில் பெரும்போக அறுவடைக் காலத்தை எண்ணிப் பார்க்கலாம். கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கும் வயலின் நடுவே அறுவடை இயந்திரம் நின்றுவிடுகின்றது. வயற்காரர் வானத்தைப் பார்க்கின்றார். கிழக்கே மேகம் திரள்கின்றது. இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்தவர் அடுத்த வயற்காரருக்குக் கொடுத்த வாக்கை எண்ணுகின்றார். இயந்திரத்தின் மேலெல்லாம் வைக்கோற் தூசியும் உமித் துகளும் சேறும் அப்பிக்கிடக்கின்றன. நெல்லுமியை எரித்தால் எஞ்சும் சாம்பலின் பெரும்பகுதி, கண்ணாடிக்கு மூலப்பொருளாகிய சிலிக்கா என்பதை நினைத்தால், அத்தூசி பம்பிக்குள் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம். இந்நிலையில் நகரத்திலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் வந்து இறங்கும் மெக்கானிக்கின் முதற் கடமை யாது?

“தம்பி, மழை வரப்போகுது. கெதியாய்க் கழட்டிப் பூட்டிவிடும்” என்பார் வயற்காரர்.

“ஐயா, முதலிலை கழுவோணும். கழுவாமற் கழட்டினால் நட்டம் உங்களுக்கில்லை, இந்த அண்ணைக்குத்தான்” என்று இயந்திரக்காரரைக் காட்டுவான், தொழிலறிந்த மெக்கானிக்.

இவ்வுரையாடலிலேயே சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கின்றது. மழையினால் வரும் நட்டம் இன்றைக்கே, எல்லாருக்கும் தெரியக் கூடியது. கழுவாமையால் வரும் நட்டமோ மூன்று மாதங்களின் பின், சிறுபோகத்தின் நடுவே, வேறொருவருடைய வயலில், யாரும் காரணம் கண்டுபிடிக்க இயலாத வேளையில் வரப்போவது. இன்று அரை மணி நேரம் தாமதித்தவனுக்கு வசை கிடைக்கும். மூன்று மாதங்களின் பின் பம்பி உடையும்போது, “சாமான் சரியில்லை” என்று உதிரிப் பாகத்தையே எல்லாரும் குறைகூறுவர். ஆகவே அவசரப்பட்டவன் புகழும் பெறுகின்றான், பழியிலிருந்தும் தப்புகின்றான். இந்த அநீதியான கணக்கைத் தெரிந்துகொண்டும் கழுவுபவனே உண்மையான தொழிலாளி.

கழுவுதல் என்பது தொடக்கமே. ஒரு பொருத்தைக் கழற்றுவதற்கு முன்னர் அதன் சுற்றுப்புறம் முழுவதும் துடைத்துச் சுத்தமாக்கப்பட வேண்டும். கழற்றிய கணமே குழாய் முனைக்கும் பம்பியின் வாய்க்கும் மூடியிட வேண்டும். பழைய துணியைத் திணித்து அடைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அது வாயை அடைப்பதோடு தன் நூலையும் உள்ளே விட்டுவிடும். கொட்டன் வேஸ்ட் என வழங்கும் நூற்கழிவு கையைத் துடைக்க உதவுமேயன்றி, வால்வின் உட்புறத்தைத் துடைக்க உதவாது. அதற்கு இழை உதிராத துணியே வேண்டும். புரிகளிற் சுற்றும் வெண்ணிற நாடா, தண்ணீர்க் குழாய்க்கு நன்று. நீரியல் இயந்திரத்தில் அதன் கிழிந்த நுனி ஒன்று வால்வினுட் போய் அமர்ந்து பெருந்தொல்லை தரும். புதிய இறப்பர்க் குழாயை அரத்தகட்டால் வெட்டும்போது இறப்பர்த் தூளும் உருக்கு இழைத் தூளும் குழாயின் உள்ளேயே தங்குகின்றன. வெட்டிய குழாயினூடாக நுரைத்திண்டு ஒன்றை அமுக்கிய காற்றாற் செலுத்தித் துடைத்த பின்னரே முனைகளைப் பொருத்துதல் முறையாகும். அதே அமுக்கிய காற்றைத் தரையைக் கூட்டப் பயன்படுத்தினால், தரையிற் கிடந்த தூசியெல்லாம் எழுந்து, திறந்து வைத்த பம்பிக்குள்ளேயே இறங்கும்.

எண்ணெய் பற்றியும் ஒரு பெருந் தவறான நம்பிக்கை நிலவுகின்றது. முத்திரை உடைக்காத பீப்பாயிலிருந்து வரும் புதிய எண்ணெய் தூயது எனப் பலரும் எண்ணுவர். உண்மையில், ஆலையிலிருந்து தாங்கிக்கும், தாங்கியிலிருந்து பீப்பாய்க்கும் மாறிமாறி வந்த அவ்வெண்ணெய், நுண்ணிய வால்வுகள் வேண்டும் அளவைவிடப் பெரும்பாலும் மாசு மிகுந்ததாகவே இருக்கும். அதனை வடிகட்டி பொருத்திய கைப்பம்பியினூடாகவே இயந்திரத்தில் நிரப்ப வேண்டும். நேற்று டீசல் ஊற்றிய வாளியும், நேற்று முன்தினம் மண்ணிற் கிடந்த புனலும் இவ்விடத்திற் பெரும் பாதகம் செய்வன. புதியது தூயது என்னும் மயக்கம், எண்ணெயில் மட்டுமன்றி வாழ்க்கையின் பிற துறைகளிலும் மனிதரை ஏமாற்றுவது உண்மையே.

பம்பி உடைந்துவிட்டால் புதிய பம்பியைப் பூட்டிவிட்டுப் பணத்தை வாங்கிச் செல்வது மற்றொரு வழக்கம். உடைந்த பம்பியின் உலோகத் துகள்கள் ஏற்கெனவே குழாய்கள், உருளைகள், குளிராக்கி, தாங்கியின் அடி என எங்கும் பரவிவிட்டன. அவற்றையெல்லாம் கழுவி, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றாது விட்டால், புதிய பம்பி பழைய பம்பியின் சாம்பலையே உண்ணத் தொடங்கும். சில கிழமைகளில் அதுவும் சாகும். இரண்டாவது பம்பிக்கும் பணம் கட்ட வேண்டியவர், பெரும்பாலும் வட்டிக்கோ குத்தகைக்கோ இயந்திரம் வாங்கியவர். தூய்மை என்பது அவர் வீட்டுச் சோற்றுப் பானையோடு தொடர்புடைய விடயமாவது இவ்வாறே.

காணமுடியாத இவ்வழுக்கை அறிஞர்கள் எண்ணத் தொடங்கியமையே இத்துறையின் வரலாற்றிற் சுவையான பகுதி. ஐ.எஸ்.ஓ. 4406 என்னும் அனைத்துலக நியமம், ஒரு மில்லிலீற்றர் எண்ணெயில் 4, 6, 14 மைக்கிரோமீற்றரும் அவற்றுக்கு மேலும் பருமனுள்ள துணிக்கைகள் எத்தனை என்பதை மூன்று குறியெண்களால் உரைக்கின்றது. 18/16/13 என்று எழுதினால், 4 மைக்கிரோமீற்றரும் அதற்கு மேலுமான துணிக்கைகள் மில்லிலீற்றருக்கு 1300க்கு மேல் 2500 வரை, 6க்கு மேற்பட்டவை 320க்கு மேல் 640 வரை, 14க்கு மேற்பட்டவை 40க்கு மேல் 80 வரை உள்ளன என்பது பொருள். குறியெண் ஒன்று கூடினால் துணிக்கைகள் இரட்டிக்கும். எனவே 18 என்பது 21 ஆனால், மூன்று மட்டும் கூடியதாகத் தோன்றினும், அழுக்கு எட்டு மடங்காகின்றது. மேற்சொன்ன 18/16/13 பல இயந்திரங்களுக்கு நல்ல தூய்மை எனக் கொள்ளப்படுவது. அந்நல்ல தூய்மையிலும், 100 இலீற்றர் எண்ணெயுள்ள தாங்கி ஒன்றில் 25 கோடித் துணிக்கைகள் வரை இருக்கக்கூடும். முழுத் தூய்மை என்பது எங்கும் இல்லை. போதிய தூய்மை என்பதே உண்டு என்ற அடக்கத்தை இவ்வெண் கற்பிக்கின்றது.

வடிகட்டிகளை மதிப்பிடும் முறையும் இவ்வாறே வளர்ந்தது. அமெரிக்காவின் ஒக்லகோமா அரச பல்கலைக்கழகத்தில் 1970களில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள், வடிகட்டிக்கு முன்னுள்ள துணிக்கைகளின் தொகையைப் பின்னுள்ள தொகையால் வகுத்து ‘பீற்றா’ என்னும் விகிதத்தைப் பெறும் வழக்கத்திற்கு வழிகோலின. பீற்றா 2 எனின் பாதித் துணிக்கைகள் தப்பிவிடுகின்றன. 75 எனின் நூற்றுக்கு ஏறக்குறைய 98.7 பிடிபடுகின்றன, 1000 எனின் ஆயிரத்தில் ஒன்றே தப்புகின்றது. வடிகட்டி என்று பெயர் பொறித்தவை எல்லாம் வடிகட்டி அல்ல என்பதை இவ்வெண்கள் காட்டின.

இவற்றினும் சிந்தனைக்குரியது அளவுகோலின் கதை. துணிக்கை எண்ணும் கருவிகளைச் சரிபார்ப்பதற்கு அரிசோனாப் பாலைவனத்துத் தூசியைச் சலித்தெடுத்த மாதிரி ஒன்று பல்லாண்டுகளாகப் பயன்பட்டது. 1992இல் அதன் உற்பத்தி நின்றது. புதிய தூசியைத் தேர்ந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் அளந்தபோது, பழைய அளவுகளே பிழைபட்டிருந்தமை தெரியவந்தது. 5, 15 மைக்கிரோமீற்றர் எனக் கருதப்பட்டவை உண்மையில் ஏறக்குறைய 6, 14 ஆக இருந்தன. மிகச் சிறிய துணிக்கைகள் எண்ணியிருந்ததிலும் அதிகமாயிருந்தன. 1999இல் நியமம் திருத்தப்பட்டது. பிறர் அழுக்கை அளக்கும் கோலிலும் அழுக்கிருக்கலாம் என்பதை ஏற்று, அதனைத் திருத்திக்கொண்டமை விஞ்ஞானத்தின் சிறப்பு. சமூகத்தின் அளவுகோல்கள் அத்துணை எளிதிற் திருத்தப்படுவதில்லை.

தூய்மை பேணுவதற்கு முன்னே உயிர் பேணுதல் வேண்டும் என்பதையும் இங்கு கூறாதிருத்தல் தகாது. இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் குழாய்களிலும் அமுக்கச் சேமகலன்களிலும் அமுக்கம் தங்கியிருக்கும். அதனை விடுவித்த பின்னரே பொருத்துகளைத் தளர்த்தலாம். தூக்கி நிற்கும் பாகங்களைத் தரையில் இறக்கிய பின்னரே அவற்றின் கீழ்ப் போகலாம். ஊசித் துளையளவு கசிவை விரலாற் தடவித் தேடுவது உயிராபத்தான பழக்கம். அத்துளையிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குட் செல்லும். முதலிற் குண்டூசி குத்தியது போன்ற புள்ளியே தெரியும், வலியும் பெரிதாயிராது. சில மணி நேரத்தின் பின் கை வீங்கி, சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவைச் சிகிச்சை கிடையாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரிடும். காயம் சிறிதாயிருப்பதால் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் உண்டு என்பதால், நடந்ததை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வது கட்டாயம். கசிவைத் தேடுவதற்கு அட்டைத் துண்டும் கண்ணுக்குக் காப்பும் போதும். கண்ணுக்குத் தெரியாதது சிறியது, சிறியது தீங்கற்றது என்னும் அதே மயக்கமே பம்பியையும் கெடுக்கின்றது, கையையும் பறிக்கின்றது.

இனி, பட்டறையின் உள்ளிருந்து நீங்கிய அழுக்கு எங்கே போகின்றது என்னும் வினா எழுகின்றது. கழற்றி வடித்த பழைய எண்ணெய் பல இடங்களில் வேலியோரத்து மண்ணிலேயே ஊற்றப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே அதன் கிணறுகளுக்கு ஆதாரம். மண்ணில் ஊற்றியது நீருக்குச் செல்லும் வழி அங்கே மிகக் குறுகியது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை பலரும் அறிந்தது. அது மின்னுற்பத்தி நிலையமொன்றின் கழிவு பற்றிய வழக்கு, பட்டறைகள் பற்றியதன்று. ஆயினும் அது புகட்டிய பாடம் பட்டறைக்கும் உரியது. பம்பியைத் தூய்மையாக்கிக் கிணற்றை அழுக்காக்குவது தூய்மை அன்று, அழுக்கை இடம் மாற்றுவதே. பழைய எண்ணெயை மூடிய பீப்பாயிற் சேர்த்து உரியவர்களிடம் ஒப்படைக்கும்போதே திருத்தும் வேலை முடிவடைகின்றது.

அழுக்கை இடம் மாற்றித் தன்னைத் தூயவனாகக் காட்டிக்கொள்ளும் வழக்கம் பட்டறைக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ச் சமூகம் தன் அழுக்கைச் சிலரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒப்படைக்கப்பட்டவர்களையே அழுக்கானவர் என்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்தது. துணியை வெளுத்தவர், தெருவைக் கூட்டியவர், தோலைப் பதப்படுத்தியவர் யாவரும் பிறருக்குத் தூய்மையைச் செய்து கொடுத்தவர்கள். தாம் தூய்மையற்றவர் எனப்பட்டவர்கள். கோயில் வாசல்களும் தேநீர்க் கடைகளும் அவர்களுக்குத் திறப்பதற்கு 1960களின் பிற்பகுதியிலும் வடபகுதியிற் போராட்டங்கள் நிகழ வேண்டியிருந்தன. தூய்மையைப் பிறப்பிலும் உடையிலும் தேடிய அளவுகோல் அது. பட்டறையோ வேறோர் அளவுகோலை வைத்திருக்கின்றது. அங்கே ஒருவனின் தூய்மை, அவன் எவ்வளவு வெளுத்திருக்கின்றான் என்பதில் இல்லை. அவன் தொட்ட பொருள் அவன் தொட்ட பின் எந்நிலையில் இருக்கின்றது என்பதிலேயே உள்ளது. கறுத்த கையினன் தூய பம்பியை மீட்டுத் தருகின்றான். வெள்ளைச் சட்டை அணிந்த மேற்பார்வையாளர், “கழுவிக்கொண்டு நேரத்தை வீணாக்காதே” என்று சொன்ன கணத்தில், அழுக்கு அவரிடமிருந்தே எண்ணெயிற் கலக்கின்றது.

பல்கலைக்கழகங்களில் பஸ்காலின் விதி கற்பிக்கப்படுகின்றது. பாய்ச்சல் சமன்பாடுகள் கரும்பலகையை நிரப்புகின்றன. அவை இன்றியமையாதன. எனினும் சமன்பாட்டில் வரும் எண்ணெய் என்றும் தூயது. வயலில் வரும் எண்ணெய் அவ்வாறன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற் பீடம் இயங்குகின்றது. அம்மாவட்டத்தின் வயல்களிலே அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மிகக் குறைவு. அறுவடைக் காலத்தில் மாணவர் ஒருவர் எண்ணெய் மாதிரியை எடுத்துச் சென்று துணிக்கைகளை எண்ணிப் பார்த்து, அதன் முடிவை மெக்கானிக்கிடம் எடுத்துரைப்பாராயின், இருவருமே புதிதாக ஒன்றைக் கற்பர். மெக்கானிக் தன் கண்ணுக்குத் தெரியாததை எண்ணாகக் காண்பான். மாணவர், ஏட்டில் இல்லாத ஒன்றை, மேகம் திரளும்போது அரை மணி நேரம் பொறுத்துக் கழுவுவதற்கு எத்துணை மனத்திடம் வேண்டும் என்பதைக் காண்பார்.

நன்றாகச் செய்யப்பட்ட திருத்த வேலைக்கு விழா இல்லை. பம்பி உடையாத நாளை எவரும் குறித்து வைப்பதில்லை. வயற்காரர் நெல்லை மூட்டை கட்டி வீடு சேர்ப்பார். இயந்திரக்காரர் தவணைப் பணத்தைக் கட்டுவார். மெக்கானிக்கை அடுத்த பழுது வரை இருவரும் மறந்திருப்பர். அம்மறதி நீளுவதே அவன் வேலைக்குக் கிடைக்கும் நற்சான்று. அதனை அறிந்தவர்கள், அவன் வரும்போது திண்ணையிற் சாக்கு விரியாது, உள்ளே ஒரு நாற்காலியை எடுத்துப் போடுவார்களாக.